சோலை கர்சிவ்

ஜனவரி 18, சனி

பேப்பர் ஏஜென்ட் தரும் ஓசி டைரி இந்த வருஷம் இன்றுதான் கைக்கு வந்தது. பதினேழு பக்கம் வெறுமையாக விட்டுத் தொடங்குகிறேன். அந்தப் பதினேழு நாளில் பதிவு செய்யத் தவறியது என்று பார்த்தால், பிரஷர் மாத்திரை போட்டேனா என்று ராஜகனியிடம் பதினேழு தடவை கேட்டதுதான். இன்றும் கேட்டேன். "போட்டாச்சு. மறதிக்கும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லணும் டாக்டர்கிட்ட" என்றாள். இருபத்தாறு வருஷமாக என்னைப் பொறுத்துப்போகும் மனைவி. சொல்ல உரிமை உண்டு.

தை முகூர்த்த வேலை நெருக்குகிறது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் கடைக்கு சோலை கிராபிக்ஸ் என்று பெயர். சோலைராஜ் என்ற என் பெயரில் பாதி. இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்று என்னைப் போல, எழுந்திருக்க நேரமாகும். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனுஷனுக்கு நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோத்துக் கொடுப்பேன். என் படிப்பு பத்தாம் வகுப்பு. அதுவும் ஒரே மூச்சில் இல்லை. இங்கிலீஷுக்கு இரண்டாம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

மகள் சுடர்க்கொடி சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வேலை நேரம் போக, சொந்தமாக ஒரு தமிழ் ஃபாண்ட் வரைகிறாள். இரண்டு வருஷமாக. கையெழுத்து மாதிரி எழுத்தோடு எழுத்து கை கோத்துக்கொண்டு ஓடும். இங்கிலீஷில் கர்சிவ் என்பார்களே, அது. அச்சில் நாம் தமிழ் எழுத்துகளைத் தனித்தனியாக நிற்கவைத்தே பழகிவிட்டோம், ரேஷன் கடை வரிசை மாதிரி. அவள் அவற்றைக் கும்மியடிக்க விட்டிருக்கிறாள். நெளி என்று பெயர் வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கார்டில் அச்சு எப்படி விழுகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னாள். இன்னும் முடியவில்லை, வெளியே விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

இன்று யானைத் தந்த நிறக் கார்டில் ஒன்று அடித்துப் பார்த்தேன். 'மணமகள்' என்ற ஒரு சொல்தான். ஈரம் காயாத மாதிரி இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஏழாயிரம்பண்ணையில் இருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் அதை மேஜையில் பார்த்துவிட்டார். இந்த எழுத்துதான் வேண்டும் என்று நாற்காலியை விட்டு எழவில்லை.

ஒரே ஒரு பத்திரிகைதானே. சுடரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 29, புதன்

ஏழாயிரம்பண்ணைப் பத்திரிகை ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டுப் பெயரைப் படித்தவர்களைவிட, அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்த என் கடைப் பெயரைப் படித்தவர்கள் அதிகம் போலிருக்கிறது. நேற்றும் இன்றுமாக ஐந்து பேர், அதே எழுத்தில் வேண்டும் என்று வந்தார்கள். ஐந்து பேருக்கும் போட்டேன்.

சாயங்காலம் பவுன்ராஜ் வந்தான். ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவன், என்னைவிட எட்டு வயது சின்னவன், பென் டிரைவ் இல்லாமல் யார் கடைக்கும் போகாதவன். எங்கள் தொழிலில் ஃபாண்டை யாரும் காசு கொடுத்து வாங்கியதாகக் கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்பது மாதிரி கேட்போம். கொடுப்பவருக்கும் குறைவதில்லை, வாங்கியவருக்கும் தயிர் உறைந்துவிடும். என்னிடம் இருக்கும் முந்நூறு சொச்சம் ஃபாண்டும் அப்படி வந்தவைதான். அவற்றை யார் வரைந்தார்கள் என்று இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒருநாளும் யோசித்தது கிடையாது.

அவன் கேட்டான். கொடுத்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் பழகவில்லை.

யார் செய்தது அண்ணாச்சி என்று கேட்டான். ஏதோ சொன்னேன்.

நெளி என்றிருந்தால் யாருக்குப் புரியும் என்று அவன் கம்ப்யூட்டரில் பெயரை மாற்றிக்கொண்டான். இப்போது அது சோலை கர்சிவ்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கடைவீதியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று, நெளியில். செத்தவர் பெயர் அவ்வளவு அழகாக இருந்தது. நின்று படித்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆட்டுக்கறி. ராஜகனி எனக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக எடுத்துவைத்தாள். உப்பில்லாத கறியும் இருக்கிறது உலகத்தில்.

சாப்பிடும்போது சுடர் போன் செய்தாள். குரலில் சந்தோஷம் கொப்பளித்தது. ஃபாண்ட் வெளியிடும் கம்பெனி ஒன்று நெளியைப் பார்த்துவிட்டு அவர்களே வெளியிடுவதாகச் சொல்லியிருக்கிறது. அவள் பெயரைப் போட்டு. மார்ச் முப்பத்தொன்றில் கையெழுத்து. அதற்கு முன்னால் அவள் ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும்: இது முழுக்க நான் வரைந்தது, இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை, வேறு யாரும் உரிமை கொண்டாட மாட்டார்கள் என்று. அது கிடைத்தால் விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்தே வரையலாம், அப்பா என்றாள்.

பிறகு ட என்ற எழுத்தைப் பற்றிச் சொன்னாள். மற்ற எழுத்துகள் எல்லாம் எங்காவது ஒரு வளைவு வைத்திருக்கின்றன. பக்கத்து எழுத்தின் கையைப் பிடிக்கும். இது மட்டும் மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "அத வளைச்சா ட மாதிரியே இருக்காதுப்பா. வளைக்கலைன்னா யார்கூடயும் சேராது. நாலு மாசம் அந்த ஒரு எழுத்தோடயே குடும்பம் நடத்தினேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகச் சொன்னாள்.

வைக்கப் போகும்போது கேட்டாள், யாருக்கும் கொடுக்கவில்லையே என்று. நான் எதற்கும்மா கொடுக்கப்போகிறேன் என்றேன்.

கறி இறங்கவில்லை. உப்பில்லாததால் இருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எங்கள் வட்டார அச்சகச் சங்கத்தின் கூட்டம். வழக்கமாக முப்பது பேர் வருவோம். இன்று ஐம்பதுக்கு மேல். மதியச் சாப்பாடு வெகு ஜோர். வெஜிடபிள் பிரியாணிக்குள் முந்திரி கிடந்தது. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சிவகாசிக்காரர் மூன்று தடவை தயிர்ப்பச்சடி கேட்டு வாங்கினார். ஃபேன் சரியில்லை. தலைவர், பேப்பர் விலை ஏற்றத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அதனால் ஒன்றும் இறங்கவில்லை.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன்.

பொன்னாடையைக் கடையில் ஆர்ட் பேப்பர் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மாத்திரை இரண்டு போட்டுவிட்டேன் போல. தலை சுற்றல். கடைக்குப் போகவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கடை கடையாகப் போனேன். சுடர் கையெழுத்துப் போட இன்னும் ஒரு மாதம் கூட இல்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டால் கொடுக்காத மாதிரிதானே என்று ஒரு கணக்கு. உறைமோரைத் திரும்பக் கேட்டுப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பவுன்ராஜிடம் அழிக்கச் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் கோவில்பட்டிக்குக் கொடுத்திருக்கிறான், கோவில்பட்டிக்காரன் தூத்துக்குடிக்கு, அங்கிருந்து எங்கே என்று அவனுக்கே தெரியாது. வாட்ஸப் குரூப் ஒன்றில் வேறு போட்டிருக்கிறானாம். "நம்ம அண்ணாச்சி பேரு ஊரெல்லாம் பரவட்டும்னுதான் போட்டேன்" என்றான். நல்ல எண்ணத்தில் செய்தவனிடம் என்ன சொல்வது.

மற்ற கடைகளில் நான் கேட்டதைத் தொழில் ரகசியம் காப்பாற்றுவதாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் உடனே அழித்துவிடுகிறேன் என்று திரையில் இருந்த ஐகானை மட்டும் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஃபாண்ட் அங்கேயேதான் இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீயைக் குடித்தேன்.

திரும்பும் வழியில் ரயில்வே பாலத்துக்குக் கீழே புதிதாக ஒரு அறிவிப்பு. 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று, கொடி படர்ந்தது போல, நெளியில். புள்ளி வைக்கக் கையைத் தூக்கினால் ஓட்டம் அறுந்துவிடும் என்று கடைசி வளைவிலிருந்தே சின்னச் சுழியாகப் புள்ளியைக் கொண்டுவந்திருக்கிறாள் சுடர். அந்தச் சுழிக்குக் கீழேயே ஒருவர் கழித்துக்கொண்டிருந்தார். அவரை அதட்ட எனக்கு என்ன யோக்கியதை.

மார்ச் 10, திங்கள்

சங்கத்தின் காலாண்டு இதழ் தபாலில் வந்தது. கடைக்கு வர வேண்டியது வீட்டுக்கு வந்துவிட்டது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ராஜகனி பிரித்துவிட்டாள். நடுப்பக்கத்தில் நான். பொன்னாடையோடு. வாய் திறந்திருக்கும்போது எடுத்த படம்.

அவள் சத்தமாகப் படித்தாள். ஒரு வார்த்தையும் விடவில்லை. 'தமிழில் முதல்தர கர்சிவ் எழுத்துருவை வடிவமைத்த நம் சோலைராஜ் அண்ணாச்சி, தமது ஏற்புரையில் கூறியதாவது: மற்ற எழுத்துகள் எல்லாம் பக்கத்து எழுத்தின் கையைப் பிடிக்கும். ட மட்டும் மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு எழுத்தோடு நாலு மாதம் குடும்பம் நடத்தினேன்.' அடைப்புக்குறிக்குள் சிரிப்பு, கைத்தட்டல் என்று போட்டிருந்தார்கள்.

படித்து முடித்து இதழை மடித்தாள். "நாலு மாசமா ட வளைச்சீங்களா? நான் உங்ககூடதான இருந்தேன், பாக்கவே இல்லையே" என்றாள்.

செயலாளர் மிகைப்படுத்தி எழுதிவிட்டார் என்றேன். அவர் இப்படித்தான், நாலு பேர் வந்தால் நாற்பது பேர் என்று எழுதுவார்.

இட்லியைத் தட்டில் வைத்தாள். சட்னியை வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் இரண்டு பத்திரிகை, ஒரு பூப்புனித நீராட்டு விழா. எதிலும் நெளி போடவில்லை. கேட்டவர்களிடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொன்னேன்.

பதினொரு மணிக்குச் சுடர் போன் செய்தாள். நெளி மாதிரியே ஒரு எழுத்தை நம் பக்கத்துப் போஸ்டர்களில் பார்த்ததாக ஃபாண்ட் கம்பெனிக்கு யாரோ படம் அனுப்பியிருக்கிறார்களாம். சோலை கர்சிவ் என்ற பெயரில். நீ அங்கிருந்து எடுத்தாயா, அவர்கள் உன்னிடமிருந்து எடுத்தார்களா என்று கம்பெனியில் கேட்கிறார்களாம். பதில் தெரியாமல் கையெழுத்து கிடையாது.

அவள் குரல் அமைதியாக இருந்தது. கடைக் கம்ப்யூட்டரிலிருந்து யாராவது உங்களுக்குத் தெரியாமல் எடுத்திருப்பார்களா அப்பா என்று கேட்டாள்.

இருக்கும்மா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பவுன்ராஜ் ஒருநாள் பென் டிரைவ் போட்டான், நான் டீ சொல்லப் போயிருந்தேன், அவன்தான் எடுத்திருக்க வேண்டும் என்றேன். அந்த டீயைக்கூட நான் கண் முன்னால் பார்த்தேன், ஆவி பறக்க. பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று இங்கிலீஷ் பரீட்சை எழுதிய காலத்தில் தெரியாமல் போய்விட்டது.

"சரிப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 15, சனி

காலையில் ராஜகனியிடம், சுடர் ஏதாவது பேசினாளா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

"அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிட்டேன். புஸ்தகம் வந்த அன்னைக்கே."

அன்றைக்கே என்றால் பத்தாம் தேதி. சுடர் எனக்குப் போன் செய்தது பதினான்கு.

ஆக, நேற்று அவள் கேட்டபோது அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் அதன் வழியாகப் பவுன்ராஜைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மதியம் சாப்பிடவில்லை. ராஜகனி ஏன் என்று கேட்கவில்லை. சட்னிக்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

போன் செய்தேன். கடையை உள்ளே சாத்திக்கொண்டு, பேப்பர்க் கட்டின்மேல் உட்கார்ந்து. நான்கு தடவை எண்ணை அழுத்திவிட்டு மணி அடிக்கும் முன் வைத்தேன். ஐந்தாம் தடவை அவளே எடுத்து, "சொல்லுங்கப்பா" என்றாள், ஏற்கெனவே காத்திருந்தது போல.

சொன்னேன். முதல் பத்திரிகையில் இருந்து தொடங்கினேன். பவுன்ராஜ் திருடவில்லை, கேட்டான், என் கையால் கொடுத்தேன் என்றேன். யார் செய்தது என்று அவன் கேட்டபோது என்ன சொன்னேன் என்று ஜனவரி 29-ல் இந்த டைரியில்கூட நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். 'நான்தான்' என்றேன். பெயர் மாற்றும் சாஃப்ட்வேர் அவனுடையது. பெயரைச் சொன்னது நான்.

ஏன்பா என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

இத்தனை வருஷமாக ஊரார் பெயரை எல்லாம் அழகாக அடித்துக் கொடுக்கிறேன், யாரும் என்னை ஏறிட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டதில்லை. அவன் கண்ணை அகலமாக்கிக்கொண்டு 'யார் செஞ்சது அண்ணாச்சி' என்று கேட்டபோது, ஒரு நிமிஷம் நானாக இருந்தால் என்ன என்று தோன்றியது. ஒரு நிமிஷம்தான் நினைத்தேன். அதற்குப் பொன்னாடை போர்த்துவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இதைத்தான் சொன்னேன்.

"நான் பேசுனத அப்படியே பேசியிருக்கீங்கப்பா" என்றாள். "ஃபாண்ட எடுத்தது கூடப் பரவால்ல. அந்த நாலு மாசத்த எடுத்துட்டீங்க."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேலை சொல்வது போலச் சொன்னாள். அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம் இருக்கிறதல்லவா. அதே மேடையில், அதே ஆட்கள் முன்னால், இது யார் செய்தது என்று சொல்லுங்கள். சொன்னதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

கம்பெனிக்கு ஆதாரம் வேண்டுமல்லவா. அனுப்புகிறேன் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். முதல் தாளில் 'சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கியது. கிழித்தேன். இரண்டாம் தாளில் 'செயலாளர் தவறாகப் புரிந்துகொண்டு'. கிழித்தேன். மூன்றாவதில் 'நானும் என் மகளும் சேர்ந்து'. அதை மட்டும் சுக்குநூறாகக் கிழித்தேன்.

பவுன்ராஜிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவனைத் திருடன் ஆக்கியதையும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வீடியோ எடுத்துத் தருவாயா என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எப்படி முகம் வந்தது என்று தெரியவில்லை. ஆனால் போன் நடுங்காமல் பிடிக்கிற ஆள் அவன்தான்.

மார்ச் 23, ஞாயிறு

தலைவர் பேப்பர் விலையை முடித்ததும் ஒரு நிமிஷம் கேட்டு மேடையேறினேன். பவுன்ராஜ் முதல் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

சோலை கர்சிவ் நான் செய்தது இல்லை என்றேன். என் மகள் சுடர்க்கொடி செய்தது. அதன் பெயர் நெளி. வெளியே விடாதே என்று சொல்லியும் விட்டேன், என் பெயரைப் போட்டேன், அவள் பட்ட பாட்டை நான் பட்டதாகப் பேசிப் பொன்னாடை வாங்கினேன் என்றேன். கேட்டு வாங்கிய பவுன்ராஜைத் திருடியதாகச் சொன்னேன் என்றும் சொன்னேன். பொன்னாடையை மடித்து மேஜையில் வைத்தேன்.

கைத்தட்டல். நின்று தட்டினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னார்:

"பாத்துக்கிடுங்க, இதுதான் தகப்பன் மனசு. தான் பாடுபட்டுச் செஞ்சத பிள்ளை பேருக்கு எழுதி வைக்காரு."

அந்தப் பொன்னாடையையே எடுத்து மறுபடியும் எனக்குப் போர்த்தினார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். கோயில் பலிக்கு நல்ல ஆடு கிடைத்தாலும் இப்படி மாலை போட மாட்டார்கள்.

சத்தியமாக எனக்கு வரையத் தெரியாது என்றேன். அடக்கம் என்றார்கள். நான் பத்தாம் வகுப்பு என்றேன். படிப்பா முக்கியம் என்று பின்னாலிருந்து ஒரு குரல். உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்து வந்தவன், உண்மைக்கு ஆள் கிடைக்காமல் நின்றேன். இப்படியே இறங்கிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பும் வந்தது. வரவில்லை என்று எழுதினால் இந்தப் பக்கமும் பொய்யாகிவிடும்.

மேடையில் விலைப்பட்டியல் காட்டுவதற்காகக் கம்ப்யூட்டரும் பெரிய திரையும் வைத்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். 'தோட்டம்' என்று எழுதி, இரண்டு ட-வையும் ஒன்றோடொன்று சேர்த்து வரையச் சொல்லுங்கள், என்னால் முடிந்தால் பொன்னாடையை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். மவுஸைப் பிடித்தேன்.

தோ, ஏதோ ஒரு மாதிரி வந்தது. முதல் ட, கால் உடைந்த நாற்காலி. இரண்டாவதை அதோடு சேர்க்க ஒரு கோடு இழுத்தேன். அது மேலே போய்விட்டது; மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் கயிறு தொங்கியது போல இருந்தது. அழித்தேன். மறுபடி இழுத்தேன். கோட்டை எங்கே வளைப்பது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை. அத்தனை பேரும் தொழில்காரர்கள். திரையைப் பார்க்கிற அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை இழுத்தேன். பாதியில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அதற்கே பொறுக்கவில்லை.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர். சிவகாசிக்காரர் சிரிக்கவில்லை, "சோலைராஜு, போதும்யா, எந்திரி" என்றார். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினேன். இந்தத் தடவை யாரும் எடுத்துக்கொண்டு வரவில்லை.

பவுன்ராஜ் போனை நீட்டினான். "என்னத் திருடன்னு சொன்ன எடம் தெளிவா விழுந்திருக்கு. கேட்டுப் பாருங்க" என்றான். அதைச் சொல்லும்போது அவனும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரியாணி வாசம் வாசல் வரை வந்தது.

மார்ச் 24, திங்கள்

வீடியோ பதினோரு நிமிஷம். முழுவதும் பார்த்துவிட்டு அனுப்பினேன். என் பின்மண்டை இவ்வளவு வழுக்கை என்று யாரும் சொன்னதில்லை.

வாட்ஸப்பில் இரண்டு நீல டிக் விழுந்தது, பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ராஜகனி இட்லிக்குச் சட்னி வைத்தாள்.

மார்ச் 28, வெள்ளி

பதில் இல்லை. இரண்டு காதுகுத்து, ஒரு கடைத் திறப்பு விழா.

மார்ச் 31, திங்கள்

கையெழுத்து ஆகிவிட்டது.

நாலு மணிக்குச் சுடர் கூப்பிட்டாள். நடந்ததை எல்லாம் கம்பெனியில் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வெளியிடுகிறார்கள், ஆனால் வெளியே பரவிய எழுத்தை அப்படியே போட முடியாதாம். எழுத்துக்கு எழுத்து சேரும் இடங்களை எல்லாம் அவள் மறுபடியும் புதிதாக வரைய வேண்டும். சித்திரையில் வர வேண்டியது ஆவணிக்குப் போய்விட்டது. அதுவரை விளம்பரக் கம்பெனி வேலையையும் விட முடியாது. ட-வையுமா என்று கேட்டேன். ட-வையும்தான் என்றாள்.

இன்னும் நாலு மாதம். இதை எந்தக் கையால் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தையை நான் எத்தனையோ பேனரில் அடித்திருக்கிறேன். சொல்லும்போதுதான் கனம் தெரிந்தது.

பேச்சை மாற்றுவதற்காக, வீடியோ ஆதாரத்துக்குப் போதுமானதாக இருந்ததா, கம்பெனியில் எல்லாரும் பார்த்தார்களா என்று கேட்டேன்.

"வீடியோவ நான் அவங்களுக்கு அனுப்பலப்பா. தேதி போட்ட பழைய படமெல்லாம் எங்கிட்ட நோட்டு நோட்டா இருக்கு. அதுவே போதும்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கும்மா கேட்ட?"

"எனக்கு வேணும்னுதான்."

ரோட்டில் ஏதோ ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"மூணு தடவ பாத்தேன்" என்றாள்.

சிரித்தாயா என்று கேட்டேன்.

"மொத ரெண்டு தடவ சிரிக்கல."

மூன்றாம் தடவை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போன் மட்டும் கொஞ்ச நேரம் வைக்கப்படாமல் இருந்தது.